பால் பத்தல டாக்டர்

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல கைக்குழந்தை இருக்கிறவங்க, முக்கியமா அப்பாக்கள், பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

எங்க ஓ.பி.யில் நான் அதிகமா கேட்ட வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. "பால் பத்தல டாக்டர்."

நான் குழந்தை நல நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் பொது ஓ.பி. பார்க்கிறவன். காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் நூற்றைம்பது சீட்டு. ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கிடைத்தாலே அதிகம். அதனால் இந்த வாக்கியத்துக்கு என்னிடம் ஒரு ரெடிமேட் பதில் இருந்தது.

"எல்லாருக்கும் பத்தும்மா. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட கூடாது. அடிக்கடி போடுங்க, தானா ஊறும். அடுத்தது யாரு?"

நாற்பது நொடி. கிட்டத்தட்ட எல்லாமே சரியான தகவல்தான். தினமும் நாலஞ்சு பேருக்காவது சொல்வேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பும் உண்டு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்தது. இருபத்திரண்டு வயசு இருக்கும். மடியில் இருபத்தஞ்சு நாள் குழந்தை, கூட மாமியார். வழக்கமான வாக்கியம். குழந்தையைப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. எடையும் ஏறியிருந்தது. அப்போதான் ஒயர் கூடையில் இருந்த பால் பாட்டில் கண்ணில் பட்டது. பாதி பால், ரப்பரில் ஈ உட்கார்ந்திருந்தது.

எனக்கு கோபம் வந்துவிட்டது. பாட்டிலைத் தூக்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி காட்டி, "இதுல எத்தனை கிருமி இருக்கு தெரியுமா? வயித்துப்போக்கு வந்து தூக்கிட்டு வந்தா யாரு பொறுப்பு? பெத்தா மட்டும் போதுமா?" என்று சத்தம் போட்டேன். மாமியார், "நான் அப்பவே சொன்னேன் சார், கேக்க மாட்டேங்குறா" என்றார். அந்தப் பொண்ணு ஒண்ணுமே பேசல. பாட்டிலை வாங்கி கூடைக்குள் வச்சுக்கிட்டு போயிடுச்சு.

அதுக்கப்புறம் அந்த முகத்தை நான் மறந்துவிட்டேன். போன வருஷம் எனக்கு மகள் பிறக்கும் வரைக்கும்.

மனைவிக்கு ஊர் திருநெல்வேலி பக்கம். தலைப்பிரசவம், தாய் வீட்டில். நான் வேலை பார்ப்பது டெல்டாவில், பஸ்ஸில் ஏழு மணி நேரம். பிரசவத்துக்குப் போனேன், மூணு நாள் இருந்தேன், டூட்டிக்குத் திரும்பிட்டேன். மகள் பிறக்கும்போது 2.9 கிலோ. நாலாம் நாள் 2.68. பிறந்த குழந்தை முதல் சில நாளில் பிறந்த எடையில் ஏழு, எட்டு சதவீதம் குறைவது சகஜம், பத்து வரைக்கும் போகலாம். பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். பதிமூணாம் நாள் மச்சினன் எடை பார்த்து வாட்ஸப்பில் அனுப்பினான். 2.95. எனக்கு நிம்மதி.

அன்னைக்கு ராத்திரி போனில் மனைவி சொன்னாள். "பால் பத்தல போலருக்குங்க."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். "எடை சூப்பரா ஏறியிருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்கு போறா? எட்டா? அப்போ பால் பத்துது. அடிக்கடி போடு, தானா ஊறும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். மூணாவது தடவை எனக்கு எரிச்சலே வந்தது. டாக்டர் பொண்டாட்டி, இதுகூட புரியலையா என்று.

பத்தொன்பதாம் நாள் பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அந்த வீட்டில் நான் முழுசா பார்த்த முதல் ராத்திரியை அப்படியே சொல்கிறேன்.

9.10 பால் குடிக்க ஆரம்பித்தாள். 9.50க்கு முடித்தாள். தோளில் போட்டு தட்டி, ஏப்பம் வர பத்து நிமிஷம். 10.05 தூக்கம். தொட்டிலில் போட்ட நாலாவது நிமிஷம் முழிப்பு. துணி நனைந்திருக்கிறது. மாற்றியாச்சு. மறுபடி அழுகை. மறுபடி பால். 11.15 தூக்கம். 11.40 கக்கினாள், சட்டை மாற்றணும். 12.20 அழுகை, பால். 1.30 அழுகை, இப்போ பால் வேண்டாம், தூக்கிக்கொண்டு நடக்கணும். 2.45 பால். 4 மணிக்கு இன்னொரு தடவை. ஐந்தரைக்கு வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எட்டு மணிக்கு பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தார். வந்ததும் முதல் கேள்வி, "பால் இருக்கா? பிள்ளை என்ன இப்படி வாடிக் கெடக்கு?"

நான் ரெண்டு தடவைதான் எழுந்தேன். அதுக்கும் மாமியார், "நீங்க படுங்க மாப்ள. ஆம்பளையாளு எதுக்கு ராத்திரி முழிச்சிக்கிட்டுக் கெடக்கணும்?" என்றார். படுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8லிருந்து 12 தடவை பால் குடிக்கும். பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம். மொத்தம் 6 மணி 40 நிமிஷம். ஏப்பம் எடுக்கிறது, துணி மாத்துறது, தூங்க வைக்கிறது எல்லாம் தனி. அதுவும் சேர்ந்தாற்போல இல்லை, இருபத்து நாலு மணி நேரத்திலும் சிதறிக் கிடக்கும். தையல் இன்னும் முழுசா ஆறாத உடம்போட.

"அடிக்கடி போடுங்க." அதை சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகும்.

மூணாவது ராத்திரி. மூணு மணி இருக்கும். எதுக்கோ முழிப்பு வந்தது. குழந்தை சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால், மனைவி சுவத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை தூங்குகிறது. இவள் அழுதுகொண்டிருக்கிறாள். சத்தமே இல்லாமல். துடைக்கக்கூட இல்லை.

"என்னாச்சு? வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். ரொம்ப நேரம் கழித்து பேசினாள்.

"நேத்து இவ அழுதப்போ எனக்கு எழுந்திரிக்கவே தோணலங்க. அழட்டும்னு படுத்திருந்தேன். அம்மாதான் வந்து தூக்குனாங்க. இவளை இங்கேயே விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்போல இருக்கு. இதை எப்படி யார்கிட்ட சொல்றது? பால் பத்தலன்னு சொன்னா, நீங்க எடை கேக்குறீங்க."

என் வாயில் பதில் இல்லை. ரெடிமேட் பதிலும் இல்லை.

இப்போ கொஞ்சம் மருத்துவம் பேசுவோம்.

பிரசவம் ஆன முதல் சில நாளில் காரணம் இல்லாமல் அழுகை, எரிச்சல், பயம் வருவது ரொம்ப சகஜம். ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, தூக்கம் இல்லை, உடம்பு வலி. பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ரெண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, குழந்தை தூங்கும்போதுகூட தூக்கம் வரவில்லை, நான் மோசமான அம்மா என்ற நினைப்பு விடாமல் இருக்கிறது என்றால், அதற்குப் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. அது திமிர் இல்லை, சோம்பேறித்தனம் இல்லை, பாச குறைச்சலும் இல்லை. சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி ஒரு நோய். சிகிச்சை இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எடின்பரோ என்று பத்தே பத்து கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. 1987ல் வந்தது. ஐந்து நிமிஷம் போதும். பரீட்சைக்கு நான் படித்திருக்கிறேன். என் மனைவிக்கு அன்று இருபத்தோராம் நாள். அந்தப் பத்தில் ஒரு கேள்வியைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை. அவளிடம் மட்டுமில்லை, ஓ.பி.யில் யாரிடமும்.

காலையில் கேட்டேன். பதில்களைப் பார்த்ததும் மனநல மருத்துவரா இருக்கிற நண்பனுக்கு போன் போட்டேன். அவன் அவளோடு முக்கால் மணி நேரம் பேசினான். என்னிடம் ரெண்டே நிமிஷம்தான் பேசினான். "அடுத்தடுத்து நான் பார்க்கிறேன். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தேவைப்பட்டா பால் கொடுத்துக்கிட்டே எடுக்கிற மாதிரி மாத்திரை இருக்கு. ஆனா முதல் மருந்து உன் கையிலதான் இருக்கு. அந்தப் பொண்ணு தினமும் ஒரு அஞ்சு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கணும். எப்படின்னு நீ யோசி."

யோசித்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை பால் கொடுத்துவிட்டு, இன்னொரு வேளைக்கு வேண்டியதை கையாலேயே பீய்ச்சி, கொதிக்க வைத்து ஆறின எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி வைப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு வேற ரூமில் படுப்பாள். ஒன்பதரையிலிருந்து ரெண்டரை வரைக்கும் என் ஷிப்ட். நடுவில் பசித்தால் பாலாடை.

பாலாடை தெரியும்தானே? நம்ம பாட்டி காலத்து சங்கு மாதிரி மூக்கு வச்ச சின்ன வெள்ளிக் கிண்ணம். எவர்சில்வரிலும் கிடைக்கிறது. இன்றைக்கும் பச்சிளங்குழந்தை வார்டில் குறைமாதக் குழந்தைகளுக்கு நாங்கள் அதில்தான் பால் கொடுக்கிறோம். மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவது சுலபம், கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுக்கலாம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கடைவாய் ஓரமா வைத்து, கொஞ்சம் கொஞ்சமா, அது விழுங்கினபிறகு அடுத்தது. அவசரமே படக்கூடாது. பீய்ச்சின பாலை நம்ம வெயிலுக்கு வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் என்றால் 24 மணி நேரம்.

மாமியாருக்கு இது பிடிக்கவே இல்லை. "பெத்தவ தூங்க, மாப்ள பிள்ளைக்கு பாலாடை புடிக்கதா? ஊரு சிரிக்கும்லா" என்றார். மாமாதான், "சிரிக்கவன் வந்து ராத்திரி பிள்ளையைப் பாக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

நான் ஏதோ பெரிய தியாகம் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் ரெண்டாவது ஷிப்டில் நடந்ததை சொல்கிறேன்.

ஒரு மணிக்கு அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு, காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருக்கிறது. தூக்கிக்கொண்டு நடந்தேன். தாலாட்டினேன். ஐம்பது நிமிஷம். நிற்கவே இல்லை. அம்மாவை எழுப்பக்கூடாது என்று வைராக்கியம் வேற. ஒரு கட்டத்தில் "என்னதான்டி வேணும் உனக்கு!" என்று கத்திவிட்டேன். அவளைப் பிடித்திருந்த என் கை இறுகுவது எனக்கே தெரிந்தது.

பயந்துவிட்டேன். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். சுற்றிலும் தலையணை, துணி எதுவும் இல்லை என்று பார்த்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம். தண்ணி குடித்தேன். திரும்பி வந்து தூக்கினேன். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

படித்தவன், மருத்துவன், ரெண்டே ராத்திரி தூக்கம் கெட்டதுக்கே இந்த நிலைமை. இருபத்தோரு நாள் தூங்காதவளைப் பார்த்து நான் போனில் கேட்டது ஒண்ணுக்குக் கணக்கு.

இந்த அழுகையைப் பற்றி ஒரு விஷயம். நல்ல ஆரோக்கியமான குழந்தையே பிறந்த ரெண்டாவது வாரத்திலிருந்து அழுவது கூடிக்கொண்டே போகும். ஆறாவது வாரம் வாக்கில் உச்சம். ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு மணி நேரம்கூட அழும், அதுவும் சாயங்காலத்துக்கு மேலதான். மூணு, நாலு மாசத்தில் தானாகவே குறைந்துவிடும். இதுக்கு கிரைப் வாட்டர் தேவையில்லை. வசம்பை நாக்கில் தடவுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மிளகாய் சுற்றிப் போடுவதா, தாராளமா போடுங்க, புகை மட்டும் குழந்தைக்கிட்ட வரக்கூடாது.

கோபம் வந்தால் ஒன்றே ஒன்று. குழந்தையைப் பிடித்து உலுக்கவே கூடாது. சில நொடி உலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகலாம், உயிரே போகலாம். பத்திரமா மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வெளியே வாங்க. அது குழந்தையைக் கைவிடுவது இல்லை.

லீவு முடிந்தது. மூணாம் மாசம்தான் அனுப்புவோம் என்ற பேச்சையெல்லாம் தாண்டி, மாமியாரையும் சேர்த்து குவார்ட்டர்ஸுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். ஷிப்ட் தொடர்ந்தது. அற்புதம் ஒண்ணும் நடக்கல. ஒரு வாரம் நல்லா இருப்பாள், ரெண்டு நாள் மறுபடி மூடிக்கொள்வாள். நண்பன் வாரம் ஒரு தடவை பேசினான். ஆறாவது வாரம் குழந்தை முதல் தடவையா முகம் பார்த்துச் சிரித்தது. அவள் அம்மா சிரித்தது பதினோராவது வாரம். எனக்கு ரெண்டு தேதியும் ஞாபகம் இருக்கு.

பால்? ஒரு நாளும் குறையல. இப்போ புரிகிறது. அவளுக்குப் பத்தாமல் போனது பால் இல்லை.

இப்போ ஓ.பி.யில் "பால் பத்தல டாக்டர்" என்று யாராவது வந்தால் நாலு கேள்வி கேட்கிறேன்.

ஒண்ணு, எடை. முதல் ரெண்டு வாரம் கழித்து ஒரு நாளைக்கு 20லிருந்து 30 கிராம் ஏறுகிறதா?

ரெண்டு, முதல் வாரம் தாண்டின குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா?

இந்த ரெண்டும் சரி என்றால் பால் பத்துகிறது. சரியில்லை என்றால் குழந்தை மார்பைப் பிடிக்கிற விதத்தை நர்ஸ் அக்கா உட்கார்ந்து பார்ப்பார். முக்கால்வாசி அங்கேயே சரியாகிவிடும். உண்மையாகவே பால் குறைவாக உள்ள அம்மாக்களும் உண்டு. "எல்லாருக்கும் பத்தும்" என்று நான் சொன்னது முழு உண்மை இல்லை. அவர்களுக்கு டாக்டர் சொல்கிற அளவில் பவுடர் பால் கொடுப்பது குற்றம் கிடையாது. பாட்டில் மட்டும் வேண்டாம், பாலாடை போதும். தண்ணி கலந்த மாட்டுப்பால் வேண்டவே வேண்டாம்.

மூணாவது கேள்வி அம்மாவுக்கு. "கடைசியா எப்போம்மா மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்குனீங்க?"

இந்தக் கேள்விக்கு பதில் சொல்வதற்குள் பாதிப்பேர் அழுதுவிடுகிறார்கள்.

நாலாவது, கூட வந்தவருக்கு. "ராத்திரி குழந்தையை யாரு வாங்கிக்கிறது?" பெரும்பாலும் பதில் வராது. வீட்டுக்காரர் தரையைப் பார்ப்பார். நானும் அப்படிப் பார்த்தவன்தான் என்பதால் திட்டுவதில்லை. பாலாடை பிடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன்.

ரெண்டு நிமிஷம் நாலு நிமிஷமாகிறது. வரிசையில் சலசலப்பு வரும். வரட்டும்.

அந்த இருபத்திரண்டு வயசுப் பொண்ணு? ஒரு புதன்கிழமை தடுப்பூசி அன்றைக்கு அந்தப் பக்கத்து கிராம சுகாதார செவிலியரிடம் விசாரித்தேன். "குழந்தை நல்லா இருக்கு சார், நடக்குது. ஊசி எல்லாம் கரெக்டா போட்டாச்சு. ஆனா உடம்பு சரியில்லன்னா நம்ம ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குது. டவுன்ல காசு கொடுத்துப் பாக்குது. உங்ககிட்ட வர பயமா இருக்காம்."

ஓ.பி.க்கு வந்தால் மன்னிப்பு கேட்கணும் என்று இருக்கிறேன். இன்னும் வரவில்லை.

சேமித்து வைத்துக்கொள்ள சில விஷயங்கள்:

மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4க்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிஷத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், உடம்பு சில்லென்று ஆவது. இதில் ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. வண்டி இல்லை என்றால் 108.

அம்மாவுக்கு ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, வெறுமை இருந்தால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. வெளியே வர முடியவில்லை என்றால் 104, அல்லது 14416க்கு போன் போடுங்க. காசு கிடையாது. குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது இருந்தால் அது அவசரம். தனியா விடாதீங்க, அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாங்க.

பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து "பால் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "நீ போய் கொஞ்ச நேரம் படு, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்க. கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு குழந்தையை வாங்கிக்கோங்க.

மணி ஒன்பதரை. என் மகளுக்கு இப்போ ஒன்பது மாசம், பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் ஒரே ரகளை. ஷிப்ட் ஆரம்பிக்குது. வரேன்.